பால் நிறத்தில் ஒரு சீரம்

செவ்வாய்க்கிழமை என்றால் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் நாள். எட்டரை மணிக்கெல்லாம் வேப்பமரத்தடி சிமெண்டு பெஞ்சு நிறைந்துவிடும். ஆளுக்கு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பேன். ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறவர்கள் உண்டு. அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் அன்றைய சோதனை போச்சு, மறுநாள் வரவேண்டும். தாங்கிவிட்டால் இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பேன். 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை.

இதற்கு வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லை. சென்னை மருத்துவர் வி. சேஷய்யா முன்னின்று கொண்டுவந்த முறை இது. அவர் பிறந்த மார்ச் 10-ஆம் தேதியைத்தான் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக நாடு முழுக்க வைத்திருக்கிறார்கள். இரண்டு பஸ் மாறி வந்த பெண்ணிடம் "நாளைக்கு வெறும் வயித்தோட வாம்மா" என்று சொன்னால் அவள் திரும்பி வரமாட்டாள். இது தெரிந்த ஒருவர் யோசித்த முறை என்று ஒவ்வொரு செவ்வாயும் நினைத்துக்கொள்வேன்.

பதினான்கு வருஷமாக இந்த டெல்டாவில் ரத்தம் எடுக்கிறேன். முதல் நான்கு வருஷம் டவுனில் ஒரு தனியார் லேப், அப்புறம் இங்கே. என் கண் பழகியது ரத்தசோகைக்கு. கண்ணிமையை இழுத்துப் பார்ப்பது, வெளிறிய நகம், 7-இல் நிற்கும் ஹீமோகுளோபின் என்று எல்லோருடைய பதற்றமும் ஒல்லியான பெண்ணின் மேல்தான் இருக்கும். கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறவள் வந்தால் எங்களுக்கே ஒரு நிம்மதி. "நீ நல்லாத்தான் இருக்க, போ" என்று எத்தனை பேரை அனுப்பியிருப்பேன்.

அந்த நினைப்பை அசைத்தது ஒரு சோதனைக் குழாய்.

அந்தப் பெண்ணுக்கு அப்போது 28 வாரம், இரண்டாவது பிள்ளை. மாமியாரோடு வந்திருந்தாள். முதல் வருகையிலேயே 82 கிலோ, உயரம் 154 செண்டிமீட்டர். உயரத்துக்கும் எடைக்குமான கணக்கைப் போட்டால் 34-க்கு மேல் வரும். நம்மவர்களுக்கு 25-ஐத் தொட்டாலே உடல் பருமன் என்று வைத்திருக்கிறார்கள். நமக்கு எடை குறைவாக இருக்கும்போதே வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்துவிடும் என்பதால் கோட்டைக் கீழே இறக்கியிருக்கிறார்கள்.

குளுக்கோஸ் 168 வந்தது. அது எதிர்பார்த்ததுதான். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜை நிறுத்திக் குழாயை எடுத்துப் பார்த்தபோதுதான் கை நின்றது. மேலே தெளிந்து நிற்கவேண்டிய நீர்ப்பகுதியான சீரம் வைக்கோல் நிறத்தில் இருக்கும். இது பால் கலந்த மாதிரி வெள்ளையாக இருந்தது. காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டேன்.

"பொங்கல்தான்க்கா. அத்தை நெய் விட்டுப் பண்ணினாங்க."

சரி, நெய்ப் பொங்கல்தான் மிதக்கிறது என்று நினைத்தேன். இப்படிக் கலங்கிய சீரத்தை மெஷினில் விட்டால் சில எண்கள் தப்பாகவும் வரும். எந்தச் சோதனைக்கு வெறும் வயிறு வேண்டாம் என்று பெருமைப்பட்டேனோ, அதே பெண்ணிடம் "நாளைக்கு வெறும் வயித்தோட வாம்மா" என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவள் வந்தாள். மாமியார் முனகிக்கொண்டே கூட வந்தார். சீரம் அன்றைக்கும் கலங்கல்தான், முந்தின நாள் அளவுக்கு இல்லை. ரத்தத்தில் ஓடும் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 412. ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி 74. இரண்டுமே அதிகம்.

இந்த எஸ்ஜிபிடியைப் பற்றி எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. தனியார் லேபில் இருந்தபோது எட்டாம் மாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு எஸ்ஜிபிடி 86 வந்தது. இன்னொரு ஈரல் சோதனையான ஆல்கலைன் பாஸ்பேடேஸும் ஏறியிருந்தது. கர்ப்பத்தில் எல்லாம் ஏறத்தானே செய்யும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு தட்டச்சு செய்து கவரில் போட்டுவிட்டேன். யாருக்கும் போன் செய்யவில்லை. இரண்டு வாரத்தில் அந்தப் பெண் ரத்தக்கொதிப்பும் தலைவலியுமாக ஆம்புலன்ஸில் போனாள் என்றும், குழந்தை 34 வாரத்தில் பிறந்து இருவரும் பிழைத்தார்கள் என்றும் பிறகு தெரிந்தது. அவளும் கனத்த உடம்புக்காரிதான். அந்த 86-ஐப் பார்த்து நான் போன் செய்திருந்தால் கதை மாறியிருக்குமா என்று சொல்ல முடியாது. யாரும் என்னைக் குறை சொல்லவுமில்லை. ரிப்போர்ட்டில் எண் சரியாகத்தான் இருந்தது.

இங்கே வந்த பிறகு எங்கள் மருத்துவ அலுவலர் மேடத்திடம் அதைச் சொன்னேன். அவர் ஒரு பழைய ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். ஆல்கலைன் பாஸ்பேடேஸை நஞ்சுக்கொடியே சுரக்கும், அதனால் அது ஏறுவது இயல்பு. ரத்தத்தில் நீர் கூடுவதால் ரத்தப் புரதமான ஆல்புமின் இறங்கும், அதுவும் இயல்பு. எஸ்ஜிபிடி, அதன் ஜோடியான எஸ்ஜிஓடி இரண்டும் கர்ப்பத்தில் ஏறக்கூடாது. ஏறினால் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது, தேட வேண்டும். மஞ்சள் காமாலைக் கிருமியா, ரத்தக்கொதிப்போடு வரும் கல்லீரல் பாதிப்பா, முன்பே படிந்திருந்த கொழுப்பா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அந்தச் சீட்டு இன்னும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

எனவே இந்த 74-ஐ எடுத்துக்கொண்டு நேராக மேடத்தின் அறைக்குப் போனேன். ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் இல்லை. ரத்தக்கொதிப்பு முதலில் 146/92 என்று காட்டியது. மேடம் பெரிய பட்டையைக் கொண்டுவரச் சொல்லி மறுபடி பார்த்தார், 128/82. பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத கொதிப்பு காட்டும். ஸ்கேனில் கல்லீரல் வெள்ளையாகப் பளிச்சிட்டது. கொழுப்புப் படிந்த ஈரல்.

மேடம் அவளுக்குச் சொன்னதை நான் என் பாஷையில் சொல்கிறேன். கர்ப்பத்தின் பின்பாதியில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடம்பை இன்சுலினுக்குக் காது கொடுக்காமல் செய்துவிடும். கடைசி மாதங்களில் இன்சுலினின் வேலை ஏறத்தாழ பாதியாகக் குறையும். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. சர்க்கரையைப் பிள்ளைக்கு விட்டுவிட்டுத் தாய் கொழுப்பை எரித்துப் பிழைத்துக்கொள்கிறாள். ட்ரைகிளிசரைடு எல்லாக் கர்ப்பிணிக்கும் இரண்டு மூன்று மடங்கு ஏறுவது இதனால்தான். மேட்டூரில் ஜூன் 12-இல் தண்ணீர் திறப்பது மாதிரி, காலம் பார்த்துத் திறந்துவிடும் தண்ணீர் அது. வடிகால் நன்றாக இருக்கிற வயலில் பாய்ந்து வடிந்துவிடும். பருமனான உடம்பில் இன்சுலின் முன்பே தடுமாறிக்கொண்டிருக்கிறது. ஆகாயத்தாமரை அடைத்த வடிகால்தான். வந்த கொழுப்பெல்லாம் ஈரலில் தேங்கும். ஈரல் தன்னால் முடிந்ததைக் கட்டி மறுபடி ரத்தத்தில் அனுப்பும். என் குழாயில் வெள்ளையாக நின்றது அதுதான்.

ஈரலில் ஏற்கெனவே கொழுப்பு இருக்கிறவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, குறைமாதப் பிரசவம் எல்லாமே வரும் வாய்ப்பு கூடுதல். ட்ரைகிளிசரைடு 1000-ஐத் தாண்டினால் கணையத்துக்கும் ஆபத்து. இவளுக்கு அவ்வளவு தூரம் போகவில்லை.

மாமியார் அதற்குள் யூடியூபில் ஏதோ பார்த்துவிட்டார். மறுவாரம் வந்து என் சன்னலைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, ஈரல்ல கொழுப்புன்னா புள்ளதாச்சி உயிருக்கே ஆபத்தாமே?" என்றார். அவர் பார்த்தது வேறு நோய். கர்ப்பத்தின் கடைசியில் திடீரென்று ஈரல் செயலிழக்கும் ஒரு நிலை உண்டு. அபூர்வமானது, ஒல்லியான பெண்ணுக்கும் வரும், வந்தால் உடனே பிரசவம் பார்க்க வேண்டிய அவசரம். பெயர் ஏறக்குறைய ஒன்று போல இருப்பதால் குழப்பம். இதைச் சொல்லி அவரை உட்கார வைக்க எனக்கு அரை மணி ஆனது. வரிசையில் நின்றவர்கள் திட்டினார்கள்.

அந்த அம்மாளிடம் எனக்குக் கோபமில்லை. ஏழாம் மாதம் வரைக்கும் சேற்றில் நின்று நடவு நட்டவர் அவர். "ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்" என்பது அந்த உடம்புக்குச் சரியான பேச்சுத்தான். இன்றைக்கு நடவு மெஷின் வந்துவிட்டது. மருமகள் வரப்பில் இறங்கியதே இல்லை. வேலை போய்விட்டது, சோறு மட்டும் அதே மூன்று வேளை. அதன் மேல் வளைகாப்புச் சித்ரான்னங்கள், பார்க்க வருகிறவர்கள் கையில் திருவையாறு அசோகா அல்வா. கர்ப்பத்தில் கூடுதலாக வேண்டியது நாளுக்கு 350 கலோரிதான். ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை, ஒரு கைப்பிடி சுண்டல் என்றாலே ஏறக்குறைய முடிந்துவிடும். இவள் எடைக்குப் பிரசவம் வரை ஐந்திலிருந்து ஒன்பது கிலோ ஏறினால் போதும் என்றார் மேடம். மாமியார் அதிர்ந்துபோனார். பட்டினி போடச் சொல்வதாக நினைத்துக்கொண்டார். எடையைக் குறைக்கச் சொல்லவில்லை, கர்ப்பத்தில் அது கூடாது, ஏறும் வேகத்தைத்தான் பிடிக்கச் சொல்கிறோம் என்று புரிய வைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

அந்தப் பெண் வாய் திறந்து கேட்டது ஒரே கேள்வி. "அக்கா, ஊட்டச்சத்துப் பையில குடுத்த நெய்ய என்ன பண்றது?" 38 கிலோ பெண்ணுக்கும் 82 கிலோ பெண்ணுக்கும் அதே நெய்தான். மூத்த பையனுக்குப் போடு என்றேன். சரியான பதிலா என்று தெரியாது.

இரண்டு வாரம் சாப்பாட்டை மாற்றிப் பார்த்தார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே வரவேண்டும், வரவில்லை. மாத்திரை தொடங்கியது, அப்புறம் இன்சுலினும். 38 வாரத்தில் தஞ்சாவூரில் பிரசவம், 3.6 கிலோ ஆண் குழந்தை.

எங்கள் கதைகள் பெரும்பாலும் இதோடு நின்றுவிடும். பிள்ளை பிறந்ததும் தாய் எங்கள் பதிவேட்டிலிருந்து நழுவிவிடுகிறாள். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவளுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆறாவது வாரம் மறுபடி குளுக்கோஸ் குடித்துப் பார்க்க வேண்டும். யாரும் வரமாட்டார்கள். தனக்காக ஒரு பஸ் ஏறுவது நம் பெண்களுக்குப் பழக்கமில்லை. ஆனால் குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் தடுப்பூசி உண்டு. அதற்குப் புதன்கிழமை தவறாமல் வருவார்கள். கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி, ஊசிக்கு வரும் தாயை அப்படியே என் பக்கம் தள்ளிவிட ஏற்பாடு செய்துகொண்டேன். இந்தச் சோதனைக்கு மட்டும் வெறும் வயிறு வேண்டும். அதைச் செவிலியர் முந்தின நாளே போனில் சொல்லிவிடுவார்.

அவளும் அப்படித்தான் ஜூலையில் வந்தாள். ஊசி போட்ட பிள்ளை கத்திக்கொண்டிருந்தது. சீரம் இந்த முறை வைக்கோல் நிறத்தில் தெளிந்து நின்றது. குழாயை அவளிடமே காட்டினேன். ட்ரைகிளிசரைடு 190, சர்க்கரை எல்லைக்குச் சற்று மேல். எஸ்ஜிபிடி இன்னும் 52.

"பால் குடுக்கிறியா?"

"அது மட்டும்தான்க்கா."

நல்லது என்றேன். தாய்ப்பால் கொடுப்பது பின்னால் சர்க்கரை வருவதையும் ஓரளவு தள்ளிப்போடும். வேறு என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டதற்குப் பிரசவ லேகியம் என்றாள். அம்மா வீட்டிலிருந்து வெல்லமும் நெய்யும் நல்லெண்ணெயும் போட்டுக் கிண்டி ஒரு தூக்கு நிறைய வந்திருக்கிறதாம். காலையும் சாயந்திரமும் ஓர் உருண்டை.

"எவ்வளவு பெரிய உருண்டை? நெல்லிக்காயா, எலுமிச்சம்பழமா?"

அவள் சிரித்துவிட்டாள். "சாத்துக்குடிக்கா."

நெல்லிக்காய் போதும் என்றேன். மூன்று மாதம் கழித்து ஈரல் டெஸ்டுக்கு வரச் சொன்னேன். "தீபாவளி கழிச்சு வர்றேன்க்கா" என்றாள். என் நோட்டில் அவள் போன் நம்பரை எழுதி, பக்கத்தில் 'தீபாவளிக்கு முன்' என்று குறித்துக்கொண்டேன்.