விடுதியில் இன்சுலின்: பெப்ரவரிக் குறிப்புகள்

2026 பெப்ரவரி 2
முதலாம் வகை நீரிழிவுள்ள பிள்ளையை விடுதியில் கவிழ்ப்பது பெரும்பாலும் பிந்துகிற சாப்பாடுதான். தெளிந்த சொலுபிள் இன்சுலின் சாப்பாட்டுக்கு அரை மணி முந்திப் போடுவது. தேவாரம் நீண்டு, புட்டு இன்னும் அடுப்பில் இருந்தால் மருந்து காத்திருக்காது. மணிச்சத்தத்தை நம்பாமல் குசினியில் கேட்டுவிட்டே ஊசியை எடுக்கவேணும். பால்போலக் கலங்கிய இன்சுலினை உள்ளங்கைகளுக்கிடையில் மெதுவாக உருட்டவேணும். குலுக்கினால் குமிழி வந்து அளவு பிழைக்கும். போத்தலில் மில்லிலீற்றருக்கு 100 யூனிற் என்றால் சிரிஞ்சும் அதே 100 அளவுக்குரியதாக இருக்கவேணும். 40 அளவுச் சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு ஏறும்.

பெப்ரவரி 5
திறக்காத போத்தலுக்கு 2 முதல் 8 பாகை. உறைபெட்டிக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது; ஒருக்கால் உறைந்தது பிறகு உருகினாலும் உதவாது. பாவனையில் உள்ளதில் திறந்த திகதியை எழுதவேணும், அநேகமானவற்றுக்கு 28 நாள்தான். தகரக்கூரைக்குக் கீழே லொக்கரில் வைப்பது வீண். கரண்ட் இல்லாவிட்டால் பெரிய மண்பானைக்குள் ஈரமணல், அதற்குள் சின்னப்பானை, மேலே நனைந்த துணி. போத்தல் மூடிய பெட்டிக்குள் இருக்கட்டும்.

பெப்ரவரி 10
இல்லப் போட்டிப் பயிற்சி. ஓடின அன்று பின்னேரம் இரத்தச் சீனி அளவு நன்றாயிருக்கும், இறங்குவது நடுச்சாமத்தில். ஆகவே படுக்கமுன் ஒருதரம், இரவு 2 மணிக்கு ஒருதரம் பார்ப்பது நல்லது. 70 mg/dL-க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பக் குத்திப் பார்க்கவேணும். ஏறாவிட்டால் இன்னொருக்கால், ஏறினபிறகு இரண்டு பிஸ்கட். சொக்லேற் வேண்டாம், கொழுப்பு சீனியைப் பிந்தவைக்கும். வாழைப்பழம் தின்ற கையைக் கழுவாமல் குத்தினால் சீனி பார்க்கும் மீற்றர் கூட்டிக் காட்டும். மயங்கின பிள்ளையின் வாயில் எதுவும் ஊற்றாமல், பக்கவாட்டில் படுக்கவைத்து 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்கவேணும். குளுக்ககன் (இரத்தச் சீனியை ஏற்றும் ஊசிமருந்து) இருந்தால் 25 கிலோவுக்குக் குறைந்தவருக்கு அரை மில்லிகிராம், மற்றவருக்கு ஒன்று.

பெப்ரவரி 14
நாளை சிவராத்திரி. விரதம் பிடிப்பதை வைத்தியரிடம் கேட்காமல் விடுதி தீர்மானிக்கக்கூடாது. கோயிலுக்குப் போகட்டும், நித்திரை முழிக்கட்டும். பையில் மீற்றரும் சீனியும் கட்டாயம். சாப்பிடவில்லையென்று நீண்டநேர இன்சுலினை நிறுத்துவதுதான் பொல்லாத பிழை. சத்தி, வயிற்றுநோ, ஆழ்ந்த மூச்சு, 250 mg/dL-க்கு மேல் சீனி அளவு என்றால் கீற்றோன் (இன்சுலின் போதாதபோது உடம்பில் சேரும் அமிலப்பொருள்) பார்க்கவேணும். கீற்றோன் பட்டி கைவசம் இல்லையென்றால் விடியுமட்டும் பாராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும்.