கல்லைப் பார்த்து எடுத்த கலர்

கிருஷ்ணகிரியில் வீட்டுக்குக் கலர் பார்க்கிறவர்களுக்குப் பாதி முடிவு முன்னமே ஆகியிருக்கும். காரணம், தரை. சுற்றிலும் குவாரியும் கல் அறுக்கும் பட்டறையும் இருக்கிற ஊர் இது. அதனால் சுமாரான வீட்டில்கூடக் கிரானைட் போட்டுவிடுகிறோம். எங்கள் ஹாலிலும் டைனிங்கிலும் இருப்பது பாரடைசோ. இந்த மாவட்டத்தில் வெட்டி வெளிநாடு வரைக்கும் போகிற கல். இளஞ்சிவப்பு, பழுப்பு, ஊதா கலந்த சாம்பல் எல்லாம் அலை அலையாக ஓடும். எனக்கு மிகவும் பிடித்த கல். ஆனால் தரையே இவ்வளவு பேசும்போது சுவரும் சேர்ந்து பேசினால் அந்த அறையில் உட்கார முடியாது.

எங்கள் ஹால் பல வருடமாகப் பிஸ்தா பச்சை. டைனிங் வெங்காயத் தோல் கலர். "தரை கண்ணைக் குத்துது" என்று அத்தை சொல்லிக்கொண்டே இருப்பார். கல்லில் குறை இல்லை. பச்சையும் சிவப்பும் எதிரெதிர் நிறங்கள், பக்கத்தில் வைத்தால் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும். பட்டுப்புடவையில் பச்சை உடலுக்கு அரக்கு பார்டர் எடுப்பாக இருப்பது அதனால்தான். புடவைக்கு அது வேண்டும். தினமும் உட்காரும் ஹாலுக்கு வேண்டாம். பச்சைச் சுவருக்குக் கீழே எங்கள் தரை உள்ளதைவிடச் சிவப்பாகத் தெரிந்துகொண்டிருந்தது.

அதனால் இந்த முறை ஷேடு கார்டில் தொடங்கவில்லை. தரை போட்டபோது மிஞ்சிய துண்டுக் கல் ஒன்று மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. அதைக் கழுவித் துணிப்பையில் போட்டு வண்டியில் வைத்துப் பெயிண்ட் கடைக்குக் கொண்டுபோனோம். "எல்லாரும் போன்ல படம் காட்டுவாங்க, நீங்க கல்லைக் கொண்டாந்திருக்கீங்களே அக்கா" என்று கடைப் பையன் ஆச்சரியப்பட்டான். அப்புறம் அவனே கார்டை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்தான். கடைக்குள் எரியும் வெள்ளை டியூப்லைட்டில் எந்த ஷேடும் அதன் உண்மையான நிறத்தில் தெரியாது. வெயிலில், கல்லின்மேல் வைத்துப் பார்த்ததும் முக்கால்வாசி ஷேடுகள் தானாகக் கழிந்துவிட்டன. நீலம் கலந்த வெள்ளைகள் அழுக்காகத் தெரிந்தன. மஞ்சள் தூக்கலான சந்தனக் கலர்கள் கல்லோடு சண்டை போட்டன. மிஞ்சியவை கல்லுக்குள்ளேயே இருக்கிற நிறங்களின் வெளிறிய வடிவங்கள்: சாம்பல் கலந்த மண் நிறம், லேசான ஊதா ஓடும் சாம்பல், சூடான வெள்ளை.

ஷேடு பார்க்கும்போது எல்.ஆர்.வி. என்ற எண்ணையும் கேட்டுக்கொள்ளுங்கள். சுவரில் விழும் வெளிச்சத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதற்கான கணக்கு அது. முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100. எங்கள் ஹால் மேற்குப் பார்த்தது. மதியத்துக்கு மேல் வெயில் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். அங்கே 60ஐ ஒட்டிய எண்ணே போதும், அதற்கு மேல் போனால் சாயங்காலம் கண் கூசும். டைனிங்குக்கு வடக்கே ஒரே ஒரு ஜன்னல், நேர் வெயில் கிடையாது. அதற்கு 75க்குக் குறையாமல் பார்த்தோம்.

சாம்பிளுக்கு 200 மில்லி பாட்டிலில் கலந்து தருகிறார்கள். நிறைய பேர் அதை நேராகப் பழைய சுவரில் ஒரு சின்னக் கட்டமாக அடித்துப் பார்க்கிறார்கள். சுற்றிலும் பழைய பச்சை இருக்கும்போது நடுவில் இருக்கும் எந்தப் புதுக் கலரையும் கண் சரியாக எடை போடாது. நான் பெரிய சார்ட் பேப்பரில் இரண்டு கோட்டு அடித்தேன். ஓரமெல்லாம் வெள்ளை விட்டு, காய்ந்த பிறகு சுவரில் ஒட்டி, இடம் மாற்றி மாற்றிப் பார்த்தோம். காலையில் சாந்தமாக இருந்த மண் நிறம் ஐந்து மணி வெயிலில் ஆரஞ்சாகிவிட்டது. சாம்பல் கொஞ்சம் தூக்கலான ஷேடு அதே வெயிலில் அழகாகச் சூடேறி நின்றது. இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. வெயில் தரையில் பட்டுத் திரும்பும்போது கல்லின் சிவப்பைச் சுவரின் கீழ்ப்பாதிக்குக் கொண்டுபோகிறது. அதனால் சார்ட்டைக் கண் உயரத்தில் மட்டும் ஒட்டாமல் தரையை ஒட்டியும் வைத்துப் பார்க்க வேண்டும்.

கலரை முடிவு செய்யும் முன்பே லைட்டை மாற்றியது மிக நல்லதாகப் போயிற்று. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் எண்ணில் சொல்வார்கள், எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். நம் வீடுகளில் பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளை டியூப்தான். அதில் மண் நிறங்கள் செத்துப்போகும். ஹாலுக்கு 4000 கெல்வின் போட்டோம். டைனிங்குக்கு 3000. மேஜைக்கு மேலே தொங்கும் விளக்கு வைக்க எனக்கு ஆசைதான். ஆனால் நம் ஊர் வெயிலுக்கு நடுவில் ஃபேன் இல்லாமல் யாராலும் சாப்பிட முடியாது. ஃபேன் காற்றில் விளக்கு ஆடும், இறக்கையின் நிழல் தட்டில் வெட்டி வெட்டி விழும். அதனால் சுவரிலேயே இரண்டு விளக்கு. எலெக்ட்ரீஷியன் சுவரை வெட்டுவதெல்லாம் பட்டி பார்ப்பதற்கு முன் முடிந்துவிட வேண்டும், இந்த வரிசை மாறினால் காசு இரட்டிப்பாகும்.

டைனிங்கில் பாத்ரூமை ஒட்டிய சுவரில் இடுப்பு உயரம் வரை உப்பு பூத்திருந்தது. "ஒரு கோட்டு ஆயில் பெயிண்ட் அடிச்சுட்டா மூடிக்கும் அக்கா" என்றார் பெயிண்டர் அண்ணன். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சுவருக்குள் ஏறும் தண்ணீர்தான் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. தண்ணீர் ஆவியாகிறது, உப்பு மட்டும் மாவாக நிற்கிறது. வழியை அடைத்தால் பெயிண்ட் கொப்புளித்து உரியும். முதலில் பிளம்பரை வைத்துப் பாத்ரூம் பைப் கசிவைச் சரிசெய்து, பூத்துப்போன பூச்சைச் சுரண்டி எடுத்து, புதிதாகப் பூசி, காயவிட்டோம். புதுப் பூச்சு குறைந்தது 28 நாள் காய வேண்டும் என்பார்கள், நாங்கள் அவசரப்படவில்லை. பங்குனி வெயிலில் வேலையை வைத்துக்கொண்டதே இதற்காகத்தான். மாங்காய் சீசன் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டில் சொந்தக்காரர்கள் வருவதும் போவதுமாக இருப்பார்கள், அதற்கு முன் முடித்தாக வேண்டும் என்பதும் ஒரு காரணம். பெயிண்டில் கலக்க போர் தண்ணீர் வேண்டாம், ஒகேனக்கல் குடிநீரையே எடுங்கள் என்றும் சொல்லிவிட்டேன். இங்கே போர் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்பது வாளியின் ஓரத்தைப் பார்த்தாலே தெரியும்.

மற்ற வேலை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பழையதைத் தேய்ப்பது, பட்டி, எமரி, ப்ரைமர், இரண்டு கோட்டு எமல்ஷன். அளவை நீங்களே போட்டுப் பாருங்கள், கஷ்டமில்லை. எங்கள் ஹால் 18க்கு 12, உயரம் 10 அடி. நான்கு சுவரும் சேர்ந்து 600 சதுர அடி, கதவு ஜன்னல் கழித்தால் 500. நல்ல எமல்ஷன் ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்குச் சுமார் 120 சதுர அடி வரும். அப்படியென்றால் நாலரை லிட்டருக்குள் முடிய வேண்டும். ஒரே கலரில் இரண்டு டப்பா வாங்கினால் இரண்டையும் பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். மெஷினில் கலந்தாலும் டப்பாவுக்கு டப்பா மெல்லிய வித்தியாசம் வரலாம், அது சுவரின் நடுவில் தெரிந்தால் மறைக்கவே முடியாது.

பளபளப்பைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தோம். மேட் ஃபினிஷ் பார்க்க நன்றாக இருக்கும், சுவரின் மேடு பள்ளமும் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்கிற பழக்கம் உண்டு. தலை எண்ணெய் சுவரில் வட்டம் வட்டமாக ஏறும். குழந்தைகள் மாம்பழம் சாப்பிட்ட கையோடு ஓடுவார்கள். அதனால் லேசாக மின்னுகிற, ஈரத் துணியால் துடைக்கக்கூடிய சாஃப்ட் ஷீன் எடுத்தோம். ஷீன் எடுத்தால் பட்டி வேலை சுத்தமாக இருக்க வேண்டும். ராத்திரி டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடித்துப் பார்த்தால் மேடெல்லாம் நிழலாகக் காட்டிக்கொடுத்துவிடும். ப்ரைமருக்கு முன் அண்ணனைக் கூட்டிவைத்து அப்படிப் பார்த்தோம், அவரும் முகம் சுளிக்காமல் திரும்பத் தேய்த்துக் கொடுத்தார்.

கடைசியில் ஹாலுக்குச் சாம்பல் ஓடும் மண் நிறம், டைனிங்குக்குச் சூடான வெள்ளை. இரண்டுக்கும் நடுவில் உள்ள ஆர்ச்சின் உள்தடிமனுக்கு எந்தக் கலர் என்று ஒரு பெரிய விவாதம். டைனிங் வெள்ளையையே கொடுத்தோம். ஹாலில் உட்கார்ந்து பார்த்தால் வெளிச்சம் உள்ளிருந்து தொடங்குவது போலத் தெரிகிறது, அறையும் பெரிதாகத் தோன்றுகிறது.

"எல்லாம் வெளுத்துப்போன கலரா இருக்கேம்மா" என்று அத்தைக்கு மனக்குறை. நியாயம்தான். பூஜை மாடத்தை அவரிடமே விட்டோம். அவர் அரக்கு கேட்டார், உள்பக்கம் முழுக்க அரக்கு அடித்தோம், துடைக்கிற மாதிரி சாட்டின் எனாமலில். விளக்குப் புகையும் கற்பூரக் கரியும் அதில் தெரிவதில்லை, பித்தளை விளக்கு அதன் முன்னால் ஜொலிக்கிறது. முழு வீட்டிலும் எனக்கு அதிகம் பிடித்த இடம் அதுதான். மாமா படத்தை எங்கே மாட்டுவது என்பதையும் ஆணி அடிக்கும் முன் அத்தையிடம் கேட்டுத்தான் செய்தோம்.

சோபா புதிதாக வாங்கவில்லை. பழையதின் தேக்குச் சட்டம் உறுதியாக இருந்தது. சீட்டுக்கு 40 டென்சிட்டி ஃபோம் போட்டு மேல்துணி மட்டும் மாற்றினோம். ரெக்ஸின் வேண்டவே வேண்டாம், சித்திரை வெயிலில் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். துணியின் கலரையும் கல்லில் இருந்தே எடுத்தோம், அதில் ஓடும் கருஞ்சாம்பல் கோட்டின் நிறம். இங்கே ரோட்டுப் புழுதி செம்மண். வெளிர் துணியில் அது அப்படியே தெரியும், முழுக் கறுப்பிலும் தெரியும், நடுத்தரச் சாம்பலில்தான் மறையும். புழுதி இருக்கிற ஊரில் கார்ப்பெட் எனக்குச் சரிப்படவில்லை. பவானி ஜமக்காளம் விரித்தோம். உதறலாம், துவைக்கலாம், கல்லின் குளிர்ச்சியும் காலுக்குக் கிடைக்கும்.

டைனிங் மேஜைக்கு அளவுதான் எல்லாம். ஒருவருக்கு 2 அடி அகலம், நாற்காலிக்குப் பின்னால் ஆள் நடக்க 3 அடி. தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி மேஜையை வரைந்துவிட்டு, அதைச் சுற்றி நடந்து பார்த்தோம். கை கழுவும் பேசினுக்குப் போகும் வழி இடித்தது. அதனால் சுவர்ப் பக்கம் நாற்காலிக்குப் பதில் பெஞ்ச், சாப்பிட்டதும் மேஜைக்கு அடியில் தள்ளிவிடலாம். 5க்கு 3 அடி மேஜைக்குக் கிரானைட்டே போட்டோம், பட்டறைகளில் கட் பீஸ் கிடைக்கிறது. 20 மில்லிமீட்டர் கல் சதுர அடிக்கு ஏறக்குறைய 5 கிலோ, 15 சதுர அடிக்கு 75 கிலோ. கால்கள் இரும்புச் சட்டமாக இருந்தால்தான் தாங்கும். எலுமிச்சம் பழமும் புளியும் மார்பிளை அரிப்பது போலக் கிரானைட்டை அரிக்காது. பளபள கறுப்புப் பாலிஷ் மட்டும் எடுக்காதீர்கள். நம் தண்ணீரில் டம்ளர் வைத்த இடமெல்லாம் வெள்ளை வளையம் காய்ந்து நிற்கும். தோல் போல லேசான சொரசொரப்போடு மங்கலாக இருக்கும் லெதர் ஃபினிஷில் அது தெரிவதில்லை.

திரைத்துணிக்குப் பர்கூர் போனோம். ஜன்னல் 4 அடி என்றால் துணி 8 அடி அகலம் எடுங்கள், இல்லையென்றால் மூடும்போது பெட்ஷீட் மாட்டியது போல இருக்கும். காட்டன் என்றால் ஒருமுறை நனைத்துக் காயவைத்த பிறகுதான் டெய்லரிடம் கொடுக்க வேண்டும், சுருங்கும். மேற்கு ஜன்னலுக்கு உள்ளே லைனிங் வைத்துத் தைத்தோம், சாயங்கால வெப்பத்தில் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

மிஞ்சிய பெயிண்டைப் பெரிய டப்பாவிலேயே விட்டால் காய்ந்துவிடும். வாய்வரை நிரம்புகிற சின்ன பாட்டிலில் ஊற்றி, எந்த அறை, ஷேடு கோடு, ஃபினிஷ், தேதி நான்கையும் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். பில்லையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். அடுத்தது மாடி ரூம். அங்கே தரை சிவப்பு ஆக்சைடு, கையில் துண்டுக் கல் கிடையாது, அதனால் சார்ட் பேப்பரைத்தான் தரையிலேயே விரித்துப் பார்க்கப்போகிறோம்.