பெரியப்பாவின் தீபாவளி ரயில்

தீபாவளி அன்று விடியும் முன்பே எங்கள் ஆவடி வீட்டில் பெரியப்பா காணாமல் போய்விடுவார். "எங்கயாவது குடிச்சிட்டுக் கிடப்பாரு" என்பார் பெரியம்மா. நாங்களும் அப்படித்தான் நம்பினோம். அவர் அரக்கோணம் ரயிலில் ஏறி, அங்கிருந்து மூர் மார்க்கெட், மறுபடி அரக்கோணம் என்று நாள் முழுக்கப் போய் வந்துகொண்டிருந்தார் என்பது ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. ரயில் ஓடுகிற சத்தத்தில் வெடிச் சத்தம் அமுங்கிவிடுமாம்.

1987-ல் இந்திய ராணுவத்தின் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். கூட இருந்த சிப்பாய்கள் பலருக்கு அங்கே ஜனங்கள் அழுவது புரியாது, இவருக்குப் புரியும், அதனாலேயே வீடு வீடாகச் சோதனை போடும்போது பேச இவரைத்தான் முன்னால் நிறுத்துவார்களாம். ஒரு கிழவியைப் பற்றி மட்டும் பாதி சொல்லி நிறுத்திவிடுவார்.

புலிகளோடு நடந்த அந்தப் போரில் நம் பக்கம் கிட்டத்தட்ட 1,200 பேர் செத்தார்கள். 1990 மார்ச்சில் மிச்சப் படை மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களையே கொன்ற படை என்று அன்றைக்கு ஊர் இருந்த மனநிலைக்கு அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கார்கில் போனவரைக் கூப்பிட்டுப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றச் சொல்கிறார்கள், இவரால் எங்கே போய் வந்தார் என்று டீக்கடையில்கூடச் சொல்ல முடிந்ததில்லை.

சொல்ல முடியாததற்குப் பதிலாகக் கேன்டீன் ரம் இருந்தது. (மிலிட்டரி சரக்குக்காகவே தெருவில் பாதிப் பேர் அவருக்குச் சொந்தக்காரர்கள்.) குடித்தால் தூக்கம் வரும், ஆனால் போதை இறங்க இறங்கப் பின்னிரவில் தூக்கம் கலைந்து கனவு வரும், உடனே மூன்று மணிக்கு இன்னொரு கட்டிங். ஒருமுறை நாங்கள் பாட்டிலையெல்லாம் ஒளித்து வைத்தோம். மறுநாள் கை நடுக்கம், மூன்றாம் நாள் ஃபிட்ஸ், அப்புறம் மாடியில் யாரோ நிற்கிறார்கள் என்று ஒரே கத்தல். வருஷக்கணக்காகக் குடித்தவரை வீட்டில் வைத்துத் திடீரென்று நிறுத்தினால் உயிரே போகலாம் என்று டாக்டர் திட்டியபோதுதான் உறைத்தது. குடியை விடவைப்பதற்கென்றே அடையாறில் டிடிகே மருத்துவமனை 1980-லிருந்து இருக்கிறது, நாங்கள் போனதோ வேறொரு இடத்துக்கு. அங்கே குடியை நிறுத்தி அனுப்பினார்கள், கனவைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆறே மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு பார்த்த மனநல மருத்துவர்தான் முதல் கேள்வியாக "சர்வீஸ்ல எங்க இருந்தீங்க?" என்றார். போர் மாதிரி பயங்கரத்தைப் பார்த்தவர்களின் மனசை விட்டு அது போகாமல் வாட்டுகிற இந்த நோய்க்கு PTSD என்று பெயர் வைத்து அமெரிக்க மருத்துவர்கள் தங்கள் கையேட்டில் சேர்த்தது 1980-ல், வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களைப் பார்த்த பிறகு. பெரியப்பா கப்பல் ஏறுவதற்கு ஏழு வருஷம் முன்னால். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'பட்டாளத்துக் கோபம்'.

இப்போது குடி இல்லை. மாத்திரை உண்டு, கனவும் எப்போதாவது உண்டு. இந்தத் தீபாவளிக்கும் ரயில்தான், நானும் கூடப் போனேன். திருநின்றவூர் தாண்டியதும் அந்தக் கிழவி என்ன சொல்லிக் கெஞ்சினாள் என்று ஆரம்பித்தார். திருவள்ளூரில் கூட்டம் ஏறியதும் நிறுத்திவிட்டார்.