மருமகள் படுத்த நீல விளக்கு

செங்கமாரி பிடித்த பச்சைப்பிள்ளையை விடியற்காலை வெயிலில் காட்டினால் போதும் என்பது அம்மாவின் உறுதியான நம்பிக்கை. அதற்கு அவர் காட்டும் சாட்சி நான்தான். யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாத 1992இல் பிறந்தவன் நான். உடம்பு மஞ்சளடித்தபோது, வேப்பமர நிழல் விழாத முற்றத்து மூலையில், சுளகில் பழைய சேலை விரித்து என்னைக் கிடத்தினாராம்.

அதனால், சென்ற ஐப்பசியில் தங்கச்சியின் பிள்ளைக்கு நாலாம் நாள் இரத்தத்தில் பிலிரூபின், அதாவது உடம்பை மஞ்சளாக்கும் பொருள், டெசிலீற்றருக்கு 18 மில்லிகிராம் என்று சொன்னவுடன் அம்மா முதலில் வெயிலைப் பற்றித்தான் கேட்டார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அம்மா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. இங்கிலாந்தின் ரொச்ஃபோர்ட் மருத்துவமனையில் 1956இல் வார்ட் என்ற தாதி, குறைமாதப் பிள்ளைகளைத் தோட்டத்து வெயிலுக்குக் கொண்டுபோவது வழக்கம். அப்படி ஒரு பிள்ளையின் உடம்பு வெளுத்திருக்க, துணியின் நுனி மூடியிருந்த முக்கோணம் மட்டும் கடும் மஞ்சளாக நின்றதை அவர் வைத்தியர்களுக்குக் காட்டினார். சன்னலோரம் வெயில் பட்ட சோதனைக் குழாயிலிருந்த இரத்தத்திலும் பிலிரூபின் குறைந்திருந்தது பிறகு தெரியவந்தது. 1958இல் அந்த மருத்துவமனை வைத்தியர் கிரீமரும் அவருடன் வேலை செய்தவர்களும் விளக்கு வைத்துச் செய்த சிகிச்சையை வெளியிட்டார்கள். ஒளி பட்ட பிலிரூபின் மூலக்கூறு தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. முதிராத ஈரலின் உதவிக்குக் காத்திராமல் பித்தத்தோடும் சிறுநீரோடும் வெளியேறுகிறது. அளவுமீறினால் அதே பிலிரூபின் மூளைக்குள் இறங்கும், கேட்கும் திறனைக்கூடப் பறிக்கும். 18 என்ற எண்ணை வெயிலை நம்பி விட முடியாது. முற்றத்து வெயிலுக்கு அளவும் இல்லை, பிள்ளையின் தோல் சுடாது என்ற உறுதியும் இல்லை. இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்த அரைமணி நேரம் பிடித்தது.

நான் மருத்துவ உபகரணங்கள் திருத்துபவன். எந்த மருத்துவமனை என்று இங்கே எழுதப்போவதில்லை. அங்குள்ள தாதிமார் இரவு பகலாக ஓடுவதைக் கண்ணால் கண்டவன். புதிய எல்இடி விளக்குகளின் கீழ் வேறு பிள்ளைகள் இருந்ததால், மருமகளுக்குக் குழல் விளக்குள்ள பழைய இயந்திரம் கிடைத்தது. நீல வெளிச்சம் அறையை நிறைத்தது. “நன்றாகத்தானே எரிகிறது, அண்ணா?” என்று தங்கச்சி கேட்டாள். எனக்கு அந்த “நன்றாக” என்ற சொல்தான் உறுத்தியது.

கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தை வைத்து இந்த விளக்கை எடைபோட முடியாது. பிலிரூபினை மாற்றுவது 460 முதல் 490 நனோமீற்றர் வரையான நீல ஒளி. அது தோலில் எவ்வளவு விழுகிறது என்பதை அளவுமானி மட்டுமே சொல்லும். தீவிர சிகிச்சை என்றால் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு, ஒரு நனோமீற்றருக்கு, குறைந்தது 30 மைக்ரோவாற்று வேண்டும். பொறுப்புத் தாதியிடம் அனுமதி கேட்டு, என் பையிலிருந்த மானியைப் பிள்ளையின் வயிற்றருகே பிடித்தேன். 9.

ஆறு குழல்களில் இரண்டு சாதாரண வெள்ளைக் குழல்கள். நீலக் குழல் முடிந்த நாளில், கைக்கு அகப்பட்டதை யாரோ மாட்டியிருக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. விளக்கு எரியாமல் கிடப்பதைவிட அது மேல் என்றுதான் அந்த ஆளும் நினைத்திருப்பார். விளக்கின் கீழிருந்த பிளாஸ்டிக் தகட்டில் தூசி, உயரமோ அரை மீற்றருக்கு மேல். போதாக்குறைக்கு, குளிரும் என்று அம்மா மருமகளுக்குத் தொப்பியும் காலுறையும் மாட்டியிருந்தார். ஒளி தொடாத தோலில் சிகிச்சையும் இல்லை.

தகட்டைத் துடைத்தோம், களஞ்சியத்தில் தேடி இரண்டு நீலக் குழல் கண்டுபிடித்தோம். வைத்தியரிடம் கேட்டு விளக்கை முப்பது சென்ரிமீற்றருக்கு இறக்கினோம். குழல் விளக்கு என்பதால் இறக்கலாம். ஹலோஜன் என்றால் தோல் வெந்துவிடும், தொடவே மாட்டேன். காற்றுப் போகும் துளைகளை மறைக்காமல் பக்கங்களில் வெள்ளைத் துணி தொங்கவிட்டோம், சிதறும் ஒளி திரும்பிப் பிள்ளைமேல் விழட்டும் என்று. கண்கட்டும் அணையாடையும் மட்டும் மிஞ்சின. மானி 31 காட்டியது. பால் கொடுக்க மட்டும் பிள்ளையை எடுத்தாள் தங்கச்சி. அடுத்த நாள் பிலிரூபின் 14, அதற்கடுத்த நாள் 11.

இதை எழுத உண்மையான காரணம் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சொந்தங்கள். பிறந்த ஊர் மருத்துவமனைக்கு இயந்திரம் வாங்கித் தருகிறீர்கள், அந்த மனதை நான் வணங்குகிறேன். ஆனால் நான் திருத்தப் போன இடங்களில் விளக்கு இருந்தது, மானி இருக்கவில்லை. அடுத்த முறை ஒரு விளக்கைக் குறைத்தாவது ஒரு மானி சேர்த்து அனுப்புங்கள். குழல் விளக்கு என்றால் மாற்றுக் குழல்களையும் அனுப்புங்கள். எல்இடி விளக்கு நெடுங்காலம் உழைக்கும். அதற்கும் தூரம் தவறினால் பலன் குறையும்.

மருமகளுக்குப் போன கிழமை பல்லுக்கொழுக்கட்டை கொட்டினோம். அந்த விளக்கின் காலில் இப்போது நூலில் கட்டிய ஒரு கொப்பி தொங்குகிறது. திகதி, உயரம், அளவு என்று மூன்று நிரல்கள். மானி என்னுடையது, அங்கேயே விட்டுவிட்டேன். கடைசியாகப் போனபோது பதினேழாவது பக்கம் நடந்துகொண்டிருந்தது.