நாணில் குஞ்சம் கட்டுவதற்கு முன்

ரீகர்வ் வில் (நுனிகள் முன்பக்கமாக வளைந்த வில்) சத்தம் போடுகிறது என்றதும் பலர் நேராக நாணில் கட்டும் சைலென்சரை, அதாவது ஒலியடக்கும் குஞ்சத்தைத் தேடுகிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. அம்பு எடுத்துச் செல்லாமல் விட்ட ஆற்றல்தான் நாணிலும் லிம்பிலும் (கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதி) அதிர்ந்து ஒலியாகிறது. மிச்சம் ஏன் இவ்வளவு என்று பார்க்காமல் குஞ்சம் கட்டினால் கோளாறு மறையும், தீராது.

முதலில் எந்த மாதிரிச் சத்தம் என்று கேளுங்கள். கடகடவென்றால் ஏதோ தளர்ந்திருக்கிறது. நாணேற்றிய வில்லின் கைப்பிடியையும் லிம்பையும் உள்ளங்கையால் மெல்லத் தட்டினால் சைட் (குறிபார்க்கும் கருவி), ஸ்டெபிலைசர் (வில்லை நிலைப்படுத்தும் கம்பி), அம்பு ரெஸ்ட் (அம்பு தாங்கி), லிம்ப் போல்ட் இவற்றில் எது ஆடுகிறது என்பது தெரிந்துவிடும். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விட்டு மட்டும் சோதிக்க வேண்டாம், லிம்ப் முறியலாம்.

எதுவும் ஆடவில்லையென்றால் பிரேஸ் ஹைட்டுக்கு வாருங்கள். சத்தத்தில் பெரும்பங்கு இங்கேதான் தீரும். கைப்பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண் வரையுள்ள தூரம் அது. 66 அங்குல வில்லுக்கு ஏறத்தாழ 8⅜ முதல் 8⅝, 68க்கு 8½ முதல் 8¾, 70க்கு 8⅝ முதல் 8⅞ அங்குலம் என்று வைத்துத் தொடங்கலாம். தயாரிப்பாளர் சொன்ன எல்லை வேறாக இருந்தால் அதுவே கணக்கு. கீழ் எல்லையில் தொடங்குங்கள். ஸ்டிரிங்கரால் (நாணேற்றவும் இறக்கவும் உதவும் கயிறு) நாணை இறக்கி, ஒரு முனைக் கண்ணியைக் கழற்றி, ஏற்கெனவே முறுக்கியிருக்கும் திசையிலேயே நான்கு முறுக்கு ஏற்றுங்கள். மறுபடி நாணேற்றி, அளந்து குறித்து, ஐந்தாறு அம்பு எய்து கேளுங்கள். ஓரிடத்தில் 'டங்' என்ற ஓசை 'தப்' என்று அடங்கும். அதைத் தாண்டி முறுக்கினால் மீண்டும் இரையும். அப்போது இரண்டு முறுக்கு பின்வாங்குங்கள். உயரம் மாறினால் நாக்கிங் பாயின்ட்டும் (நாணில் அம்பைப் பொருத்தும் இடம்) சற்று நகரும், அதையும் சரிபாருங்கள். புது நாண் நீளும் என்பதால் நூறு அம்பாவது எய்த பிறகு எடுக்கும் அளவையே நம்புங்கள்.

அடுத்தது அம்பின் எடை. உங்கள் இழுப்பு நீளத்தில் இழுவிசை 40 பவுண்டு வரும் வில்லில் 320 கிரெயின் (அம்பை எடைபோடும் சிறு அலகு) அம்பு என்றால் பவுண்டுக்கு 8 கிரெயின். 400 என்றால் 10. கனமான அம்பு ஆற்றலை அதிகம் வாங்கிக்கொள்ளும், வில் அமைதியாகும், வேகம் குறையும். வேட்டை வில்லுக்கு இது நல்ல பேரம். ஆனால் எடை கூட்ட முனையை மட்டும் கனமாக்கினால் அம்பு எய்யும்போது கூடுதலாக வளையும். அது கைப்பிடியில் உரசினால் புதிதாக ஒரு சத்தம் கிளம்பும். நாக் (அம்பின் வால்முனையில் உள்ள பள்ளம்) நாணில் கவ்வுவதும் முக்கியம். அம்பை நாணில் தொங்கவிட்டு நாணை விரலால் தட்டினால் அம்பு கழன்று விழ வேண்டும். தானாக விழுந்தால் பிடி தளர்வு, தட்டியும் விழாவிட்டால் இறுக்கம்.

'சளார்' என்று அறையும் ஒலி லிம்ப் நுனிப்பக்கத்திலிருந்து வருகிறது. ரீகர்வ் வளைவில் நாண் படுத்திருக்கும் பகுதியை, அம்பு விடுபட்டதும் நாண் மீண்டும் வந்து அடிக்கிறது. நாண் லிம்பைவிட்டு விலகும் இடத்தைச் சுற்றி 2 அங்குலத்துக்கு மெல்லிய ஃபெல்ட் துணியை நாண் பள்ளத்தில் ஒட்டுங்கள். இரண்டு லிம்பிலும் ஒரே நீளம், ஒரே தடிமன். பசை பிடிக்க லிம்பை முதலில் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சும் ரீங்காரத்துக்குத்தான் குஞ்சம். மேல் நுனியிலிருந்து நாண் நீளத்தில் நான்கில் ஒரு பங்கில் ஒன்று, கீழ் நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் மற்றொன்று. அதிரும் நாணில் சில புள்ளிகள் அசையாமல் நிற்கும்; அங்கே கட்டிய குஞ்சம் அந்த அதிர்வைத் தொடாது. இடங்கள் வேறுபட்டால் ஒன்று விட்டதை மற்றொன்று பிடிக்கும். நடுவை நெருங்க நெருங்க அம்பின் வேகம் குறையும். கம்பளிக் குஞ்சம் மழையில் நனைந்து கனக்கும், ரப்பர் இழை வெயிலில் வெடிக்கும். கட்டியபின் பிரேஸ் ஹைட்டை ஒருமுறை அளந்துவிடுங்கள், நாண் இழைகளுக்கிடையே நுழைத்த குஞ்சம் நாணைச் சற்றுக் குறுக்கும்.