அச்சுக்குப் போகும் முன்னே வாங்க வேண்டிய படக்கதைகள்

மார்கழி நெருங்கினால் எங்கள் கடைக்கு இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். தை முகூர்த்தத்துக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் ஒரு பக்கம். "அண்ணே, இந்த வருஷம் காமிக்ஸ்ல என்ன வருது, எதுக்குக் காசு எடுத்து வைக்கலாம்?" என்று கேட்டு வருகிறவர்கள் இன்னொரு பக்கம். முதல் கூட்டத்தால்தான் கடை ஓடுகிறது. இந்தப் பதிவு இரண்டாவது கூட்டத்துக்கு.

காரைக்குடியில் சின்ன அச்சுக்கடை எங்களுடையது. பத்திரிகை, பில் புத்தகம், கோயில் நோட்டீஸ் இவைதான் அன்றாட வேலை. நடுவே சில வருடங்களாகத் தாங்களே எழுதி, தாங்களே வரைந்து, சொந்தக் காசில் படக்கதை போடும் பிள்ளைகள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். இருநூறு பிரதி, மிஞ்சிப்போனால் முந்நூறு. தோள்பையில் போட்டுப் புத்தகக் காட்சிக்குக் கொண்டுபோய் விற்பார்கள். தீர்ந்தால் தீர்ந்ததுதான். சூப்பர் ஹீரோக்களுக்கு விளம்பரம் செய்ய உலகமெல்லாம் ஆள் இருக்கிறது. இவர்களுக்கு நான் கொஞ்சம் செய்கிறேன். அச்சுக்குப் போகும் முன்பே முன்பணம் கொடுத்து வாங்கலாம் என்று எனக்குத் தோன்றும் மூன்று புத்தகங்கள் இங்கே.

இப்போது என் மேஜைமேல் இருப்பவற்றில் நான் அதிகம் எதிர்பார்ப்பது தேவகோட்டைப் பெண் ஒருத்தியின் புத்தகம். நாற்பத்தெட்டுப் பக்கம், கறுப்பு வெள்ளை. பர்மாவில் ஒரு செட்டியார் கடைக்குப் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறிப் போன ஒருவரின் கதை. முதலாளி, மேலாள், அடுத்தாள் என்று வரும் வரிசையில் கடைசிப்படி இந்தப் பையன்தான். கடிதம் எழுதிக் கொடுப்பது, பெட்டியடியில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது, கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் படுத்துத் தூங்குவது. மூன்று வருடக் கணக்கு முடிந்தால் ஊருக்கு வரலாம். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வியாபாரத்துக்கு, போனவர்களைப் பற்றி நம் ஊரில் பேச்சுக்குப் பஞ்சமில்லை, ஆனால் எல்லாம் முதலாளி வீட்டுப் பேச்சு. பையன்களைப் பற்றி யார் பேசினார்கள்? 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது நடந்தே இந்தியா வந்தவர்களில் இவரும் ஒருவர். அந்த நடையை அவள் பன்னிரண்டு பக்கம் வசனமே இல்லாமல் இழுக்கிறாள். படிக்கிற நமக்குக் கால் வலிக்கிறது.

அதில் ஒரு படத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் முகப்பில் நின்று பார்த்தால் வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி தாண்டிப் பின்வாசல் வரைக்கும் ஒரே நேராகத் தெரியுமல்லவா? அந்த வாசல் நிலைகளையே கட்டங்களாக்கிவிட்டாள். இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படம். வெளி நிலையில் தகரப்பெட்டியோடு பையன். அதற்குள் அடுத்த நிலையில் கணக்கெழுதும் ஐயா. அதற்குள் சாமான் எடுத்துக் கட்டுகிற பெண்கள். எல்லாவற்றுக்கும் நடுவே, கட்டைவிரல் அளவுக்கு, பின்கட்டில் முதுகு காட்டி நிற்கும் அவன் ஆத்தா. வெளியிலிருந்து உள்ளே போகப் போகக் கோடு மெலிகிறது. ஆத்தாவுக்கு முகம் கிடையாது, கொண்டை மட்டும்தான்.

அச்சுக்காரனுக்கு இது பெரிய தலைவலி. முதுகில் பசை ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங் போட்டால் அந்த ஆத்தா அப்படியே முதுகுப் பள்ளத்துக்குள் போய்விடுவாள். அதனால் நடுமடிப்பில் பின் அடிக்கும் சென்டர் பின் என்று முடிவு செய்தோம். நாற்பத்தெட்டுப் பக்கத்துக்கு அது தாங்கும். படத்தைச் சரியாக நடுப்பக்கத்துக்கு, அதாவது 24, 25-க்கு நகர்த்தினோம். அங்கே மட்டும்தான் இரண்டு பக்கமும் ஒரே தாளில் விழும், கோடு விலகாது. ஆனால் பின் அடிக்கிற இடம் ஆத்தாவின் கொண்டையில் வந்து நின்றது. அந்தப் பெண் வீட்டுக்குப் போய் ஒரு விரற்கடை கீழே இறக்கி முழுப் படத்தையும் மறுபடி வரைந்து வந்தாள். கம்ப்யூட்டரில் நகர்த்தியிருக்கலாம். "நகர்த்தினா நிலை கோணிடும்ணே" என்றாள். இப்படிப்பட்டவர் போடும் புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

இரண்டாவது, ஒரு வாட்ச்மேனின் கதை. கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக்கிடக்கும் வீடு, அதைச் சினிமா ஷூட்டிங்குக்கு விடுகிறார்கள். வாட்ச்மேன் ராத்திரி முழுக்க ஒட்டடை அடித்துப் பெருக்கி வைக்கிறார். காலையில் வந்த கலை இயக்குநரின் ஆட்கள் "வீடு பழசாத் தெரியணும்" என்று பஞ்சைப் பிய்த்து ஒட்டடை கட்டுகிறார்கள். லைட் மாட்டுவதற்கு முட்டை வெள்ளைக்கரு போட்டு மெழுகிய சுவரில் ஒருவன் ஆணியோடு ஏறும்போது வாட்ச்மேனின் முகத்தைப் பார்க்க வேண்டும். பக்கத்துக்கு நாலு கட்டம், ஒவ்வொரு பக்கமும் தனிச் சிரிப்பு. எனக்குக் குறை ஒன்றுதான், எழுத்து. படம் இவ்வளவு உயிரோடு இருக்க, பேச்சுக் குமிழிக்குள் கல்யாணப் பத்திரிகை எழுத்துரு. தமிழில் ஒரு வினைமுற்றே கட்டத்தின் அகலத்துக்கு நீளும். "எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று டைப் அடித்துக் குமிழியில் போட்டால் பாதிப் படத்தை அதுவே தின்றுவிடும். கையால் எழுதினால் இரண்டு எழுத்தை நெருக்கலாம், ஒரு கொம்பை வளைத்துவிடலாம். சொல்லிப் பார்த்தேன், யோசிக்கிறேன் என்றிருக்கிறான் தம்பி. கையெழுத்தில் வந்தால் இரண்டு பிரதி வாங்குங்கள், டைப்பில் வந்தால் ஒன்று போதும்.

மூன்றாவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

'எதுக்குண்ணே முன்பணம்? வந்ததும் வாங்கிக்கிறோமே' என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அச்சுக் கணக்கு உங்களுக்குத் தெரிந்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். டிஜிட்டலில் ஐம்பது அடித்தாலும் ஐந்நூறு அடித்தாலும் பக்கத்துக்கு ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். பிளேட் செய்து அடிக்கும் ஆஃப்செட்டில் அந்தப் பிளேட் செலவு முதலிலேயே விழுந்துவிடும், பிரதி கூடக் கூட அது பரவி ஒரு பிரதியின் அடக்கவிலை இறங்கும். சில நூறு பிரதிகளைத் தாண்டினால்தான் ஆஃப்செட் கட்டுப்படியாகும். ஆக, வரைகிறவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டியது ஒரே விஷயம்: எத்தனை பேர் வாங்குவார்கள்? நாற்பது பேர் பணம் அனுப்பிவிட்டால் தாள் வாங்கக் காசு வந்துவிடும். அதே பணம் புத்தகம் வந்து மூன்று மாதம் கழித்து வந்தால், அவர் அதற்குள் மட்டமான தாளில் நூறு பிரதி மட்டும் அடித்து ஓய்ந்திருப்பார். முழுக் கறுப்பு அப்பிய படத்தை மெல்லிய தாளில் அடித்தால் பின்பக்கத்து ராத்திரி முன்பக்கத்துப் பகலில் தெரியும். நூறு ஜிஎஸ்எம் கனத்தில் நேச்சுரல் ஷேடு தாள் போடலாமா, எழுபதோடு நிறுத்தலாமா என்பதை உங்கள் முன்பணம்தான் தீர்மானிக்கிறது.

சிவகாசி லயன், முத்து காமிக்ஸ் வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு முத்து கிளம்பியது, 1984-இல் லயன் வந்தது, இன்றைக்கும் அந்த வண்டி ஓடுவது சந்தா கட்டும் ஆட்களால். அடுத்த ஆண்டு என்னென்ன வரும் என்று அட்டவணை போடுவார்கள், அதைப் பார்த்துச் சந்தா அனுப்புவோம். 2010-இல் இரத்தப் படலம் என்ற தொடரின் பதினெட்டுப் பாகங்களும் கறுப்பு வெள்ளையில் ஒரே தடிப் புத்தகமாக வந்தபோது 'அப்புறம் பார்க்கலாம்' என்று இருந்தவர்கள், பிறகு பழைய பிரதிக்கு என்ன விலை சொன்னார்கள் என்பதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அங்கே கௌபாய் டெக்ஸ் வில்லரைவிட கிராஃபிக் நாவல் என்று முத்திரை போட்டு வருபவைதான் பிடிக்கும். துப்பாக்கி குறைவு, மழை அதிகம். டெக்ஸ் ரசிகர்கள் மன்னிக்க.

வெளிநாட்டிலும் நிலைமை ஒன்றும் பெரிதாக வேறில்லை. அமெரிக்காவில் காமிக்ஸ் கடைகளுக்குச் சரக்கு அனுப்பிவந்த டைமண்ட் நிறுவனம் 2025 ஜனவரியில் திவால் மனு போட்டது. வர வேண்டிய பாக்கிக்கும், கிடங்கில் மாட்டிக்கொண்ட புத்தகங்களுக்கும் சின்னப் பதிப்பாளர்கள் அலைந்தார்கள். வரைந்தவரிடமே நேராக வாங்குவது இப்போது அங்கேயும் பழக்கமாகிவருகிறது. கொச்சி, பெங்களூரு போன்ற ஊர்களில் நடக்கும் இண்டி காமிக்ஸ் ஃபெஸ்டிலும் அதுதான். மேஜைக்கு அந்தப் பக்கம் வரைந்தவர், இந்தப் பக்கம் நீங்கள். ஒருமுறை போய்ப் பாருங்கள், பையைக் காலியாக எடுத்துப் போங்கள்.

புதியவை கைக்கு வரும்வரை என்ன படிப்பது? பீமாயணம் படிக்காதவர்கள் முதலில் அதை முடியுங்கள். அம்பேத்கர் பட்ட தீண்டாமைக் கொடுமைகளை துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் பர்தான் கோண்டுப் பழங்குடி ஓவிய மரபில் வரைந்தது, 2011-இல் நவயானா வெளியிட்டது. அதில் கட்டமே கிடையாது. தங்கள் வீட்டுச் சுவரிலும் தரையிலும் போடும் திக்னா என்ற கோலத்தைப் பக்கத்தில் ஓடவிட்டு அதை வைத்தே காட்சியைப் பிரித்திருக்கிறார்கள். நம் வீட்டு நடுவீட்டுக் கோலம் போலத்தான், கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. நல்ல பேச்சு பறவை வடிவக் குமிழியில் வரும், விஷப் பேச்சு தேள் கொடுக்கு வைத்த குமிழியில். ஒரு சிறுவன் தண்ணீர் கேட்கிறான், பதிலுக்குக் கொடுக்கு வருகிறது. அடைமொழி ஒன்றும் தேவைப்படவில்லை.

ஓரிஜித் சென்னின் ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ் நர்மதை அணையைப் பற்றியது. 1994-இல் வந்து, தீர்ந்து, பல வருடம் கிடைக்காமல் இருந்ததைச் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2022-இல் மறுபடி போட்டது. இன்னொன்று வன்னி, இலங்கைப் போரில் சிக்கிய தமிழர்களைப் பற்றியது. பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லிண்ட்சே பொல்லக் வரைந்து 2019-இல் வந்த ஆங்கிலப் புத்தகம். டிக்ஸ் ஐ.நா.வில் வேலை பார்த்தவர், 2008-இல் அலுவலர்கள் வன்னியை விட்டு வெளியேறும்வரை அங்கே இருந்தவர். ஒரே மூச்சில் படிக்காதீர்கள், முடியாது. மூன்றுமே எளிதாகக் கிடைக்கும் என்று நினைத்து அசட்டையாக இருக்காதீர்கள்.

அசட்டை என்றதும் கோட்டையூர் ரோஜா முத்தையா ஞாபகம் வருகிறார். விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். பழைய புத்தகம் மட்டுமா சேர்த்தார்? மற்றவர்கள் பொட்டலம் கட்டக் கொடுத்துவிடும் நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று ஒன்றையும் விடவில்லை. அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது, இன்று சென்னை தரமணியில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. நானும் கடையில் அடிக்கும் ஒவ்வொரு படக்கதையிலும் இரண்டு பிரதி எடுத்து இரும்பு பீரோவில் வைத்திருக்கிறேன். வீட்டம்மாவுக்கு அந்த பீரோ பட்டுப்புடவைக்கு வேண்டுமாம். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

முன்பணம் கொடுப்பதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது, உள்பக்கம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது. அட்டைப்படத்தை யாரை வைத்தும் வரைந்துவிடலாம். நடுவே எங்காவது, இரண்டு பேர் உட்கார்ந்து சும்மா பேசுகிற பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். சண்டைக் காட்சியில் கோடு தானாகத் துள்ளும், பேச்சுக் காட்சியில்தான் வரைகிறவரின் குட்டு உடையும். தலை மட்டும் மாறி மாறி வந்தால் யோசியுங்கள். பேசும்போது ஒருவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளினால், இன்னொருவர் தரையில் விரலால் ஏதோ எழுதினால், தைரியமாகப் பணத்தைப் போடலாம். எத்தனை பக்கம் வரைந்து முடிந்திருக்கிறது என்றும் கேளுங்கள். பாதிகூட ஆகாதவருக்கு வாழ்த்து மட்டும் சொல்லுங்கள். நண்பர் ஒருவர் எங்கோ ஒரு வெளிநாட்டுத் திட்டத்துக்குக் கட்டிய பணம் இன்னும் ஓவியமாக மாறவில்லை.

சரி, அந்த மூன்றாவது. பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர் வரைந்தது. இருபத்துநாலு பக்கம், ஒரு வார்த்தை கிடையாது. புரவி எடுப்புக்கு வேளார் சுட்டு வைத்த மண்குதிரை, ஊர்ப் பொட்டலிலிருந்து அய்யனார் கோயிலுக்குத் தோளில் ஏறிப் போகிறது. அவ்வளவுதான் கதை. ஆனால் அதைப் பார்ப்பது போன தடவை வந்து நின்று, காது உடைந்து, காலடியில் புல் முளைத்துவிட்ட பழைய குதிரை. அந்தக் குதிரையின் கண்ணுக்குச் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தைத் தாளின் வெள்ளையாகவே விட்டிருக்கிறார், அதற்காகவே வெள்ளை மேப்லித்தோ தாள்தான் வேண்டும் என்று பிடிவாதம். விலை நூற்றைம்பது ரூபாய், நூறு பிரதிக்கு மேல் அடிக்க மாட்டாராம். வாத்தியாரிடம் ஜிபே கிடையாது. காரைக்குடிப் பக்கம் வருகிறவர்கள் கடையில் ரொக்கமாகக் கொடுத்து நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போகலாம். வெளியூர்க்காரர்கள் இங்கே இருக்கும் சொந்தக்காரர் யாரையாவது அனுப்புங்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை கிடையாது.