நத்தை ஊரில் நத்தை தேடி

அம்மா பிறந்த ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட். சிப்புட் என்றால் மலாயில் நத்தை. ‘நத்தை ஊர்க்காரி’ என்று அப்பா அம்மாவைக் கிண்டல் செய்வதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேனே தவிர, அந்த ஊரில் ஒருநாளும் நத்தை சாப்பிட்டதில்லை. போன மாதம் மாமா வீட்டுக்குக் கிளம்பியபோது, இந்தத் தடவை அதைச் சாப்பிடாமல் திரும்புவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

ரயில் ஈப்போவைத் தாண்டியதும் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட வேண்டும். செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகள், வயிற்றில் வெள்ளைப் பாறை, உச்சியில் சீவாத தலை மாதிரி காடு. சில குன்றுகளைக் கல்லுக்காகப் பாதி தின்றுவிட்டார்கள். கீழே, பால் மரம் என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரம் நின்ற இடத்திலெல்லாம் செம்பனை.

சரித்திரப் புத்தகத்தில் சுங்கை சிப்புட்டின் பெயர் வருவது வேறு காரணத்துக்காக. 1948 ஜூன் 16இல் இதைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டித்தான், கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க மலாயாவில் பிரிட்டிஷ்காரர்கள் அறிவித்த அவசரகாலம் வந்தது. மாமாவிடம் இதை எடுத்தால் பொழுது விடிந்துவிடும். அன்று நான் எடுக்கவில்லை.

மறுநாள் காலை மாமாவின் மோட்டாரில் சந்தைக்குப் போனோம். வழியில் மகாத்மா காந்தி கலாசாலை. மலேசிய இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் முன்நின்று எழுப்பிய தமிழ்ப்பள்ளி, 1954இல் விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்து வைத்தது. மாமா வண்டியை நிறுத்தாமலே, “ஒங்கம்மா இங்கதான் படிச்சா, கணக்குல முட்டை” என்றார்.

சந்தையில் ஒரு மலாய்க்கார மாக்சிக்கிடம் (வயதான அம்மாவிடம்) நத்தை இருந்தது. சிப்புட் செடுட் என்பார்கள்; விரல் நீளத்தில் கறுப்பாக, திருகாணி போல முறுக்கிய ஓடு. “இந்த ஊர் ஆற்றில் பிடித்ததா?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, கடற்கரைப் பக்கத்துச் சதுப்பிலிருந்து வருகிறது என்றார். நத்தை ஊருக்கு நத்தை வெளியூரிலிருந்து வருகிறது! மாமாவுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. எனக்கு முகம் கொஞ்சம் சுருங்கினாலும் ஒரு கிலோ வாங்கினேன்.

வீட்டில் அத்தை அதைப் பெரிய பேசினில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். “சேறெல்லாம் கக்கணும். சாயங்காலம்வரைக்கும் கெடக்கட்டும், நீங்க எங்கயாச்சும் சுத்திட்டு வாங்க.”

சரி என்று பக்கத்து ஊரான கோலகங்சாருக்குக் கிளம்பினோம். மாமாவின் ஒரே நிபந்தனை, ‘மொதல்ல மரத்தப் பாக்கணும்.’ 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளில் முளைத்தவற்றில் சில, மறு வருடம் சிங்கப்பூர் வழியாக இங்கே வந்தன. 9 கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றில் மிஞ்சிய ஒன்று இன்னும் நிற்கிறது. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்ததற்கு அந்தக் கன்றுகளும் ஒரு காரணம்.

முப்பது வருடம் பால் வெட்டியவர் மாமா. மரத்துக்குச் சற்றுத் தள்ளி நின்று, கையில் உளி இருப்பதுபோல் விரலை மடக்கிக் காற்றில் ஒரு கோடு இழுத்தார். இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே. “எப்பவும் இப்படித்தான் மாப்ளே. பட்டைக்குள்ள பால் ஓடுற கொழாய் நேரா நிக்காது, கொஞ்சம் சாஞ்சு போவும். இப்படிச் சரிச்சு வெட்டினா நெறைய கொழாய் அறுபடும், மங்குல பால் கூட விழும். ஆழமாப் போயிட்டா மரத்துக்குக் காயம், கிராணிகிட்ட ஏச்சு.” பக்கத்தில் படமெடுத்துக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்கள், மரத்தை விட்டுவிட்டு மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் ஆற்றங்கரை. பேராக் ஆறு அங்கே அகலமாக, அவசரமில்லாமல் போகிறது. முந்தின நாள் மழையில் செம்மண் கரைந்த நிறம். அக்கரை சாயோங், கறுப்புச் சுரைக்காய் வடிவத்தில் தண்ணீர்க் குடம் செய்கிறார்களே, லாபு சாயோங், அது அந்த ஊர்தான். 1917இல் கட்டி முடித்த உபுதியா பள்ளிவாசலின் தங்கக் கும்பத்தை எல்லாரும் படமெடுப்பதால் நான் எடுக்கவில்லை. எனக்குப் பிடித்தது, ஊருக்கு வெளியே 1900இல் திறந்த விக்டோரியா பாலம். இப்போது ரயில் பக்கத்துப் புதுப் பாலத்தில் போகிறது. பழைய இரும்புப் பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தால், தண்ணீர் நகர்கிறதா பாலம் நகர்கிறதா என்று ஒரு நிமிடம் குழம்பும்.

மதியம் லக்சா. கோதுமை மாவில் கையால் செய்த தடிமனான இழை, மீன் அரைத்த புளிக்குழம்பு. பினாங்கு லக்சாவின் காரசாரம் இதில் இல்லை, குழம்பும் தண்ணியாகத்தான் இருந்தது. முதல் வாயில் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றியது. கிண்ணம் காலியான பிறகு இன்னொன்று சொன்னேன்.

திரும்பி வந்தபோது பேசின் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. அத்தை ஒவ்வொரு நத்தையாக எடுத்து, வால் முனையைக் கத்தியால் ‘டக்’கென்று தட்டினார். அந்தப் பக்கம் ஓட்டை இருந்தால்தான் இந்தப் பக்கம் உறிஞ்ச முடியும். தேங்காய்ப்பால், மஞ்சள், செராய் என்கிற எலுமிச்சைப் புல், குருவிமிளகாய். இதுவரை மலாய்ச் சமையல். கடைசியில் சோம்பும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினார். “நத்தைக்கு எதுக்கு அத்தை தாளிப்பு?” என்றேன். “தாளிக்காம எப்படிடா எறக்கறது?” என்றார், நான்தான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்ட மாதிரி.

உறிஞ்சுவது எனக்கு வரவில்லை. மூன்றாவது நத்தை விரலிலிருந்து வழுக்கிக் குழம்போடு சட்டையில் விழுந்தது. “வாயைக் குவிச்சு, ஒரே இழுப்பு” என்று மாமா காட்டினார். ஏழாவதோ எட்டாவதோ, ‘ஸ்லுக்’கென்று வந்தது. சதை துளிதான். ஓட்டுக்குள் சுருண்டிருந்த குழம்பு, தேங்காய்ப்பாலும் மிளகாயும் சோம்பும் சேர்ந்து நாக்கில் இறங்கியதே, அதற்காகத்தான் இத்தனை பாடும் என்று அப்போது புரிந்தது. அதன் பிறகு சோற்றை யாரும் தொடவில்லை.

பழைய பேப்பரில் ஓடு குவிந்துவிட்டது. அத்தை அப்படியே சுருட்டிக்கொண்டு பின்பக்கம் போனார். எட்டிப் பார்த்தேன். கறிவேப்பிலைச் செடியின் அடியில் ஓடுகளைக் கொட்டி, செருப்புக் காலால் மிதித்து நொறுக்கிக்கொண்டிருந்தார்.